போரதீவுப் பக்கம்

மேகராசா அண்ணன் காலை ஏழு மணிக்கே எடுத்துவிட்டார்.
"புள்ள, மண்டூர் திறக்குது, வெல்லாவெளி திறக்குது,
போரதீவ அமத்தினா மட்டும்
காணவில்லை எண்டு வருதுகா."

பெரும்போக அறுவடை. அவருக்கு இரண்டு வெட்டு மெசின்.
ஊருக்கொரு பக்கம் கட்டிக் கொடுத்திருந்தேன்:
எந்த வட்டைக்கு எந்த நாள் வரும்,
ஏக்கருக்கு எவ்வளவு, ஓட்டுகிறவரின் இலக்கம்.

"அந்தச் சொல்ல முதல்ல எடுத்துவிடு" என்றார்.
எந்தச் சொல் என்று நான் கேட்கவில்லை.
நாநூற்று நான்கின் கீழே வார்ப்புருவோடு வந்த சொல்.
அழித்துவிட்டு 'முகவரி பிழை' என்று போட்டேன்.
அவருடைய அக்கா வீட்டுச் சுவரில்
மாலை போடாத படம் ஒன்று இருக்கிறது.

களுவாஞ்சிகுடியில், பாமசிக்கு மேல்மாடியில் என் அறை.
நிரந்தர இணைப்புகளுக்குப் போய்
எதையும் மாற்றாமல் 'சேமி'யை அழுத்தினேன்.
எங்கள் தொழிலில் இது தேசிக்காய் வெட்டுவது மாதிரி.
பலருக்குச் சரிவரும்.
எனக்கு வரவில்லை.

கேஷைத் துடைத்தேன்.
பிளகின்களை ஒவ்வொன்றாய் அணைத்து
ஒவ்வொன்றாய் ஏற்றினேன்.
வழி விதிகளை மேலிருந்து கீழாக வாசித்தேன்:
எது வந்தாலும் ஏற்றிக்கொள் என்கிற விதி
கடைசியில்தான் நின்றது, நிற்கவேண்டிய இடத்தில்.

அந்தக் கோப்புக்குப் 'பாதை' என்று பெயர் வைத்திருந்தேன்.
யாழ்ப்பாணத்திலிருந்து திரையில் எட்டிப்பார்த்த கீர்த்தனன்
"ரோட்டோ?" என்றான்.
இல்லை, மிதப்பது.
குருமண்வெளியில் மோட்டார்சைக்கிளோடு ஏறி
மண்டூரில் இறங்குகிறோமே, அது.
எழுவான்கரையில் நிற்கிறவனுக்குப்
பாதை தானாக வந்து சேரவேண்டும்.
அவன் சிரித்துவிட்டு வேறு வேலைக்குப் போனான்.

மின்சார பில்லின் பின்பக்கம் எழுதினேன்.
திறப்பவை: மண்டூர், வெல்லாவெளி, பழுகாமம், பாலையடிவட்டை.
திறக்காதவை: போரதீவு, கோவில்போரதீவு, கொக்கட்டிச்சோலை.
தேத்தண்ணி ஆடை கட்டும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரே எழுத்துக்கு
இந்தக் கரையில் கொம்பும் அந்தக் கரையில் அரவும்
நிற்கிற ஊர்கள் மட்டும்.

இரண்டு போரதீவையும் எடுத்து நீளம் கேட்டேன்.
விதியில் இருப்பது இருபத்தொரு பைட்.
பக்கத்தில் இருப்பது இருபத்துநான்கு.
பெரிதாக்கினேன். எழுத்துருவை மாற்றினேன்.
கண்ணுக்கு ஒரு மயிரிழை வித்தியாசம் இல்லை.

நான் தட்டுவது ஒலிப்பு முறை.
அதில் ஓகாரம் ஒரே துண்டு.
டிலுக்சனா பாமினியில் தட்டி
மாற்றியில் போட்டு எடுத்து ஒட்டினவள்.
பாமினியில் முதலில் இரட்டைக் கொம்பு,
பிறகு ப, பிறகு அரவு,
கொப்பியில் எழுதுகிற அதே ஒழுங்கு.
மாற்றி கொம்பைத் தூக்கிப் பின்னால் வைத்தது.
அரவோடு சேர்த்துக் கட்ட மறந்துவிட்டது.

ஆகவே சேவரில் இரண்டு போரதீவு.
ஒன்றுக்கு வழி உண்டு, பக்கம் இல்லை.
ஒன்றுக்குப் பக்கம் உண்டு, வழி இல்லை.

"நான் பிழையா எழுதல்லயே அக்கா" என்றாள் டிலுக்சனா.
இல்லையடி, எழுத்துக்கூட்டினால் நூற்றுக்கு நூறு.

ஒரு வரிதான் சேர்த்தேன்:
ஒப்பிடுமுன்
வருவதையும் இருப்பதையும் ஒரே வடிவமாக்கு.
பிறகு 'சேமி'.
இந்தமுறை சேமிக்க ஏதோ இருந்தது.

மூன்று மணிக்குப் போரதீவு திறந்தது.
கொக்கட்டிச்சோலையும் பின்னால் வந்தது.
"வந்துட்டுது புள்ள" என்றார் அண்ணன்,
சுத்தியல் சத்தத்துக்குள்ளிருந்து.
"ஆனா நாளைக்கு அங்க மெசின் போகாது,
பெல்ட் அறுந்து கிடக்கு.
அத எங்க போடுற?"

திறந்த பக்கத்தின் தலையிலேயே போட்டேன்:
மெசின் பழுது. வெள்ளிக்கிழமை வரும்.

தட்டி முடித்துவிட்டு
வெள்ளிக்கிழமையில் எங்காவது ஓகாரம் இருக்கிறதா என்று
ஒருதரம் தடவிப் பார்த்தேன்.